குர்ராபேன் வேலியில் ஒரு கதவு வேண்டி

அனுப்புநர்:
ஃபெஸ்டஸ் ரட்டிகன், விவசாயி,
பழைய ரயில் கடவைக்கு மேற்கே முதல் வீடு,
குர்ராபேன், பாலிடெர்க் அஞ்சல்,
அயர்லாந்து.

பெறுநர்:
உயர்திரு திட்டப் பொறியாளர் அவர்கள்,
வளைய சைக்கிள் பாதை அலுவலகம்,
பாலிடெர்க்.

பொருள்: கைவிடப்பட்ட ரயில் பாதைகளின் மேல் அமைந்த வளைய சைக்கிள் பாதை – குர்ராபேன் கடவையில் இருபுற வேலியிலும் ஆள் நுழையும் அளவுக்குக் கதவு வைத்துத் தரக் கோருதல் – முன்னர் “வேண்டாம்” என்று சொன்னது குறித்து விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது முந்தைய மனுக்கள் இரண்டு.
2. அவற்றுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த, தேதி மட்டும் மாறிய பதில்கள் இரண்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருப்பதாகத் தபால்காரர் சொன்னார். வந்த கையோடு என் மனுவைப் படிக்க நேர்வதற்கு வருந்துகிறேன். முதல் இரண்டு மனுக்களும் கோபத்தில் எழுதியவை. என் மனைவி நோரீன் அவற்றைப் படித்துப் பார்த்து, கெட்ட வார்த்தைகளை அடித்த பிறகுதான் தபாலில் சேர்க்க விட்டாள். இந்த மனுவில் அவளுக்கு அடிக்க எதுவும் அகப்படவில்லை. களைத்துப்போனவனுக்குத் திட்டுவதற்கும் தெம்பு வேண்டும்.

1. நான் சைக்கிள் பாதைக்கு எதிரி என்று தங்கள் கோப்பில் எங்காவது எழுதியிருந்தால் அது தவறு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ரயில் நின்றது. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அந்த மேட்டில் முள்ளும் காஞ்சொறியும்தான் பயணம் செய்தன. இப்போது பாலிடெர்க்கில் கிளம்பி, பெரிய பாதை வழியாகப் பழைய ரயில் சந்திப்பு வரை போய், ஏரிக்கரைக் கிளைப் பாதை வழியாகத் திரும்பி வருகிறார்கள். எந்தெந்த நாட்டிலிருந்தோ வருகிறார்கள். மூடிக் கிடந்த கெர்ட்டியின் மதுக்கடையில் சூப்பும் ரொட்டியும் கிடைக்கின்றன. கெர்ட்டி சிரிப்பதை நாங்கள் பார்த்தே பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

எனக்கு ஒரே சிரமம் என்னவென்றால், எதிரே வருகிறவருக்கு விரலாவது உயர்த்தாமல் போவது எங்கள் பக்கத்தில் பெரிய அவமரியாதை. ஞாயிற்றுக்கிழமை வயலில் நின்றால், போகிற சைக்கிள்களுக்கெல்லாம் கையை உயர்த்தி உயர்த்தித் தோள்பட்டை வலிக்கிறது. இதை நான் புகாராகச் சொல்லவில்லை. அந்த மனிதர்கள் நல்லவர்கள். அவர்களும் பதிலுக்குக் கையை உயர்த்துகிறார்கள்.

2. எங்கள் நிலவரம் பின்வருமாறு. ரயில் மேடு எங்கள் நிலத்தை நடுவில் இரண்டாகப் பிளந்து போகிறது. மேட்டுக்குக் கிழக்கே பழைய வீடு. அதில் என் அண்ணன் பார்ட்லி தனியாக இருக்கிறார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மேற்கே சாலையோரம் என் வீடு. இரண்டுக்கும் இடையே கூப்பிடு தூரம். அண்ணன் இருமினால் என் சமையலறையில் கேட்கும்.

ஆட்சி வேறொருவர் கையில் இருந்த காலத்தில், எங்கள் முன்னோரைக் கேட்காமலே நிலத்தை எடுத்துக்கொண்ட ரயில் கம்பெனி கூட, மாடும் மனிதரும் கடக்க இரண்டு பக்கமும் கதவு வைத்துவிட்டுத்தான் போனது. அந்தக் கதவுகள் மக்கிப்போன பிறகும் அந்த இடத்தில்தான் நாங்கள் கடந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டை நோரீன் இரண்டு தட்டுக்கு நடுவே மூடித் துணியில் கட்டிக் கொடுப்பாள். நான் கடவையைத் தாண்டி அண்ணனிடம் கொண்டு போவேன். அவர் சாப்பிடும் வரை உட்கார்ந்திருப்பேன். நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். ஆனால் போகாமல் இருந்ததில்லை.

சாலை வழியாகப் போவதென்றால் தெற்கே பழைய ரயில் நிலையம் வரை போய், அங்கே கடந்து, மறுபடி வடக்கே ஏரியோரச் சந்தில் வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. கோடையில் எப்போதாவது காரில் போய்வரலாம். குளிர்காலத்தில் ஏரி பொங்கி அந்தச் சந்து வழியை விழுங்கிவிடும். தண்ணீர் ஏறிவிட்டால் டிராக்டர் கூடப் போகாது. அந்த மாதங்களில் அண்ணன் வீட்டுக்கு உள்ள ஒரே வழி அந்தக் கடவைதான்.

3. தங்களுக்கு முன் இந்த வேலையைப் பார்த்த திரு. டாலன் அவர்கள் பாதை போடுவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் தலைநகரப் பக்கத்துக்காரர் என்றாலும் தன்மையான இளைஞர். அன்று நடந்ததைத் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த மனுவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அவர் உட்கார்ந்ததும் நோரீன் தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

“வேண்டாங்க. இப்பத்தான் குடிச்சிட்டு வர்றேன்.”

“அடுப்புல தண்ணி வெச்சாச்சே.”

“அய்யோ, எனக்காகச் சிரமப்படாதீங்க.”

“என்ன சிரமம்? ஒரு சொட்டுதானே.”

“சரி, நீங்க இவ்வளவு சொல்றதால ஒரு சொட்டு.”

அந்த ஒரு சொட்டு மூன்று கோப்பையானது. கூடவே திராட்சை ரொட்டியில் பாதியும் போனது. அவர் சாப்பிட்டதை நான் சொல்லிக் காட்டவில்லை, ஐயா. முறை தெரிந்த பிள்ளை என்று எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

பிறகு அவர் வரைபடத்தை விரித்து, “கடவையில உங்களுக்கு கேட் ஒண்ணு வெச்சுத் தரணுமா?” என்று கேட்டார்.

நான், “அய்யய்யோ, எங்களுக்காக நீங்க எதுக்கு மெனக்கெடணும்?” என்றேன்.

அவர், “அப்ப சரி” என்று எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு மழையைப் பற்றிப் பேசினார். மழைப் பேச்சு முடிந்ததும் கதவுக்குத் திரும்புவார் என்று காத்திருந்தேன். தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசல் வரை கூடவே போனேன். கார் வரைக்கும் போனேன். “கேட்டெல்லாம் இப்ப நல்ல விலை இருக்குமே” என்று நானாகவே நூல் விட்டுப் பார்த்தேன். “ஆமாங்க, விலைதான்” என்று சொல்லிவிட்டுக் கார் கதவைச் சாத்திக்கொண்டார்.

4. தாங்கள் எந்தப் பக்கத்துக்காரர் என்று எனக்குத் தெரியாது. ஆகவே வெட்கத்தை விட்டு விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒன்றைக் கொடுக்க வந்தால், முதல் முறை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் முறை வேண்டாம் என்பது வழக்கம். மூன்றாம் முறை மனசில்லாதது போல வாங்கிக்கொள்வோம். கேட்டவுடன் கை நீட்டுகிறவனை, வீட்டில் அடுப்பெரிந்து எத்தனை நாளாயிற்றோ என்று பேசுவார்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று ஊரில் சொல்வதுண்டு. எங்கள் அம்மா அழுத பிள்ளையைத் தொழுவத்துக்கு அனுப்பிவிடுவாள்.

இதெல்லாம் திரு. டாலனுக்குத் தெரியாது என்று சொல்வதற்கில்லை. தேநீர் விஷயத்தில் அவர் எங்களையெல்லாம் விட ஒழுங்காக நடந்துகொண்டார். கதவு மட்டும் ஏன் வேறு மாதிரி ஆனது என்று நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். அலுவலக வேலையாக வந்தவர் ஒரு முறைதான் கேட்பார் போலிருக்கிறது. அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

5. அவர் அடுத்து அண்ணன் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அண்ணன் மறுநாள் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்.

“கேட்டு வேணுமான்னு கேட்டாரு. எனக்கெதுக்குங்க, தம்பிக்கு வேணும்னா வெச்சுக் குடுங்கன்னேன். தம்பி வேணாம்னுட்டாரேன்னாரு. அவன் வேணாம்னா எனக்கும் வேணாம்னுட்டேன்.”

“நான் உனக்குத்தான் வேணும்னு நெனச்சேன்.”

“எனக்கு வேணும்தான். அதுக்காக மொதத் தடவையே சொல்லிற முடியுமா?”

இதை நான் வீட்டில் சொன்னபோது நோரீன் கையிலிருந்த உருளைக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, “ரெண்டு கெழட்டுக் கழுதைங்க. ‘ஆமா’ன்னு ஒரு வார்த்தை சொல்ல ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கும் வாய் வரல” என்றாள். உடனே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். வேண்டாம் என்று சொன்ன ஒன்றை நாமாகப் போய்க் கேட்பது எப்படி என்று நான் தயங்கினேன். எப்படியும் இன்னொரு முறை வருவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். வசந்தத்தில் அவர் வரவில்லை. வேலி போடுகிறவர்கள் வந்தார்கள்.

6. வேலி நல்ல வேலி. அதில் எனக்குக் குறை இல்லை. மரக்கால்கள், நெருக்கமான கம்பி வலை, மேலே இரண்டு வரி முட்கம்பி, நெஞ்சு உயரம். வேலிக்கு வெளியே இரண்டு பக்கமும் ஆழமான வடிகால். மாடு தாண்டாது. எங்கள் வயதில் மனிதராலும் தாண்ட முடியாது.

முதல் கோடையில் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் மேற்கு வேலியில் தட்டோடு நிற்பேன். அண்ணன் ஊன்றுகோலோடு கிழக்கு வேலிக்கு வருவார். பாதையில் வரும் சைக்கிள்காரர் யாரையாவது நிறுத்தி, இந்தத் தட்டை அந்த மனிதரிடம் கொடுக்க முடியுமா என்று கேட்பேன். ஒருவரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஜெர்மனிக்காரர் ஒருவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, பூசையில் பாதிரியார் நடப்பது போல நடந்து போய்க் கொடுத்தார். கார்க் நகரப் பக்கத்திலிருந்து வந்த தடித்த மனிதர் ஒருவர் துணியை மோந்து பார்த்துவிட்டு, “அண்ணே, பன்றிக்கறியும் முட்டைக்கோசுமா? இத என்கிட்ட குடுத்துட்டு நீங்க நிம்மதியா இருக்கீங்களே, உங்க தைரியத்த நான் மெச்சுறேன்” என்றார். அண்ணன் மறுபக்கத்திலிருந்து, “எண்ணி வெச்சிருக்கேன், உருளைக்கிழங்கு கொறஞ்சா தெரியும்” என்று கத்தினார். ஹாலந்துக்காரப் பெண்மணி ஒருவர் ஒரு வாரம் முழுவதும் கெர்ட்டியின் மாடியில் தங்கியிருந்தார். நாளைக்கும் இதே நேரத்துக்கு வரட்டுமா என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். அவர் மறுநாள் வரவில்லை.

தட்டு தினமும் போனாலும் நான் தினமும் போக முடியவில்லை. பேச வேண்டியதை வேலிக்கு வேலி நின்று கத்தினோம். அண்ணனுக்குக் காது மந்தம். ஒரு நாள் போலீஸ் சார்ஜென்ட் லாவல் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“ஃபெஸ்டி, உங்க அண்ணன வெட்டப்போறேன்னு கத்துனியாமே. சைக்கிள்ல போன ஒரு அம்மா நடுங்கிப் போயி ஃபோன் பண்ணியிருக்காங்க.”

“கன்னுக்குட்டிய, சார்ஜென்ட். அத விக்கறதா வெட்டறதான்னு பேசிட்டிருந்தோம்.”

“கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே பேசக்கூடாதா?”

“கன்னுக்குட்டி என்ன வெல போகுதுன்னு தெரிஞ்சா நீங்களும் சிரிக்க மாட்டீங்க.”

அவர் தேநீர் குடித்துவிட்டுப் போனார், வழக்கம் போல மூன்றாவது முறை கேட்ட பிறகு.

7. குளிர்காலம் வந்தது. மழையில் சைக்கிள் வராது. அண்ணனுக்கு இடுப்பு வலி கூடி, தினமும் வேலி வரை வருவது நின்றது. ஏரித் தண்ணீர் சந்து வழியை மூடியது. நான் பழைய ரயில் சிலீப்பர் கட்டைகளை எடுத்து, இரண்டு வேலியிலும் ஏறி இறங்கப் படி செய்து வைத்தேன். ஒரு கையில் தட்டோடு முட்கம்பிக்கு மேல் காலை வீசுவது அழகான காட்சி இல்லைதான். ஆனால் சாப்பாடு சூடாகப் போய்ச் சேர்ந்தது. கிறிஸ்துமசுக்குப் பிறகு தங்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து, அனுமதியற்ற அமைப்பு என்று சொல்லி, படிகளைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மழையில் நனைந்தபடி வேலை செய்தார்கள் என்பதால் அவர்களுக்கும் தேநீர் கொடுத்தோம். என் முதல் மனு அன்று இரவு எழுதியது.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், பழைய ரயில் நிலையத்தில் பாதைக்குள் நுழைந்து நடந்து வந்து, மூட்டையைக் கிழக்கு வேலிக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். ரொட்டி, டின் மீன், பாலாடைக் கட்டி. தட்டில் வைத்த சாப்பாட்டை அப்படிப் போட முடியாது. அண்ணன் தன் வாசலிலிருந்து கையை உயர்த்துவார். சைக்கிள்காரர்களுக்கு உயர்த்துகிற அதே கை. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

8. பிப்ரவரியில் நடந்ததை முந்தைய மனுவில் சரியாக எழுதவில்லை. அப்போது எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

காலையில் அண்ணனின் நாய் கேப்டன் குரைத்தது. நிறுத்தாமல் குரைத்தது. சமையலறை ஜன்னலில் பார்த்தேன். கரிக்கொட்டகைப் பக்கத்தில் அண்ணன் தரையில் கிடந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. நோரீன் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். சந்து முழுக்கத் தண்ணீர், பாதை வழியாகத்தான் வர முடியும் என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன்.

முதல் வேலியை எப்படியோ ஏறிவிட்டேன். இறங்கும்போது கால் மடங்கித் தங்கள் பாதையில் விழுந்தேன். எழுந்து இரண்டாவது வேலிக்குப் போனேன். ஏற முடியவில்லை, ஐயா. மூன்று முறை முயன்றேன். முழங்கால் தாங்கவில்லை. அண்ணன் கம்பிக்கு அந்தப் பக்கம், ஒரு டிராக்டர் நீளத் தூரத்தில் கிடந்தார். முகம் தெரிந்தது.

“விழுந்துட்டியா?” என்று கேட்டேன்.

“இல்ல, படுத்திருக்கேன்.”

“வலிக்குதா?”

“பரவால்ல.”

“குளுருதா?”

“அதெல்லாம் இல்ல. நீ உள்ள போ, நனையாத.”

என் கோட்டைக் கழற்றி அவர் மேல் வீசினேன். அது முட்கம்பியில் மாட்டிக்கொண்டு தொங்கியது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. அப்படியே பாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் கண்ணை மூடும்போதெல்லாம் கூப்பிட்டேன். மாட்டுச் சந்தையைப் பற்றிப் பேசினேன். என் வாழ்நாளில் அண்ணனிடம் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. பயந்துபோயிருந்தேன். என் அண்ணன் என் கண் முன்னால், கை எட்டாத இடத்தில் செத்துவிடுவார் என்று பயந்தேன்.

பழைய ரயில் நிலையத்திலிருந்து தங்கள் அலுவலகத்தின் சிறு வண்டியிலேயே ஆம்புலன்ஸ்காரர்களைக் கூட்டி வந்தார்கள். அதற்காக வண்டி ஓட்டியவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வந்தவர்களில் ஒரு இளம்பெண் கம்பி வெட்டும் குறடை எடுத்து, யாரையும் எதுவும் கேட்காமல் வேலியை மேலிருந்து கீழ் வரை வெட்டித் திறந்தாள். அந்த வழியாக அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

9. அந்த வாரம் முடிவதற்குள் வெட்டிய இடத்தைப் புதுக் கம்பியால் அடைத்துவிட்டார்கள். இந்த அலுவலகம் அவ்வளவு வேகமாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. மேலும், பாதையின் சொத்துக்குச் சேதம் ஏற்படாமல் பார்த்துக்கொள்ளும்படி எனக்கு ஒரு கடிதமும் வந்தது. என் கோட்டையும் மடித்து வேலிக்காலில் வைத்திருந்தார்கள். என் இரண்டாவது மனு அதைப் பற்றியது. அதில் நோரீன் நிறைய அடிக்க வேண்டியிருந்தது.

10. அண்ணனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்து, இப்போது மருத்துவமனையின் நடை பழகும் பிரிவில் இருக்கிறார். அவரை வீட்டுக்கு அனுப்புவதா, நகரத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதா என்று இந்த மாதக் கடைசியில் அங்கே கூடி முடிவெடுப்பார்கள். அதற்காக அதிகாரி ஒருவர் அண்ணனிடம், வீட்டுக்குப் போக விருப்பமா என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன், “என்னால யாருக்கும் தொல்லை வேணாங்க. நீங்க எங்க வெச்சாலும் எனக்குச் சரி” என்று சொல்லியிருக்கிறார்.

முதியோர் இல்லத்துக்குச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த இல்லத்தை நான் குறை சொல்லவில்லை. சுத்தமான இடம். ஆனால் நாய்க்கு அங்கே இடம் இல்லை. அண்ணன் தன் வீட்டை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வெளியே இருந்தது இதுவே முதல் முறை. அங்கே போனால் அவர் எதையும் வேண்டும் என்று கேட்க மாட்டார். தண்ணீர் கூடக் கேட்க மாட்டார்.

அந்தப் பிரிவில் கேரளத்திலிருந்து வந்த ஜின்ஸி என்ற செவிலியர் இருக்கிறார். நான் தாழ்வாரத்தில் நின்று இதையெல்லாம் அவரிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, பெரியவர்களை அழைக்கும் தன் ஊர்ச் சொல்லில், “எங்க ஊர்லயும் அப்படித்தான், அப்பச்சா. வீட்டுக்கு வந்தவங்க வேண்டாம்னு சொன்னா நாங்க அத காதுலயே வாங்க மாட்டோம்” என்றார். உள்ளே போய் அண்ணனிடம் கேட்டார்.

“பார்ட்லி, வீட்டுக்குப் போகணுமா?”

“எதுக்கும்மா, உங்களுக்கெல்லாம் சிரமம்.”

“சிரமத்த நாங்க பாத்துக்கறோம். போகணுமா?”

“இங்கயே நல்லாத்தான இருக்கு.”

“நல்லா இருக்கட்டும். நான் வேற ஒண்ணு கேட்டேன். வீட்டுக்குப் போகணுமா?”

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “போகணும்” என்று சுவரிடம் சொன்னார். ஜின்ஸி அதை எழுதி, தன் மேலதிகாரியிடம் கையோடு கொண்டு போய்க் கொடுத்தார்.

11. இப்போது அவர்கள் சொல்வது இதுதான். எந்தப் பருவத்திலும், எந்த நேரத்திலும், கூப்பிட்ட சில நிமிடங்களில் ஒருவர் அண்ணனிடம் போய்ச் சேர முடியும் என்றால் வீட்டுக்கு அனுப்பலாம். இல்லையென்றால் முடியாது. அது நியாயமான பேச்சு. போய்ச் சேர வேண்டிய அந்த ஒருவன் நான்தான். என் வீட்டிலிருந்து அண்ணன் வீட்டுக்கு நடக்க, கதவு இருந்தால், ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் போய்விடலாம். கதவு வரும் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து எழுத்தில் கேட்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கேட்கிறார்கள்.

12. என் இரண்டு மனுக்களுக்கும் தங்கள் அலுவலகம் அளித்த பதில், “மேற்படி இடத்தில் கதவு வழங்க முன்வந்தபோது இரு நில உரிமையாளர்களும் மறுத்துவிட்டதாகக் கோப்பில் பதிவாகியுள்ளது” என்பதாகும். பதிவு பொய் இல்லை. நாங்கள் மறுத்தோம். எங்களை ஒரு முறை கேட்டார்கள், நாங்கள் ஒரு முறை மறுத்தோம், அவ்வளவுதான் நடந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்ற கதையாக, தங்கள் ஆட்கள் நேரில் பேசும்போது எல்லோரும் தலையசைக்கிறார்கள், கோப்பு மட்டும் அசைய மறுக்கிறது. அந்தப் பதிவை அடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதன் கீழே இன்னொரு வரி எழுதச் சொல்கிறேன்.

13. ஆகவே கேட்பது இது. குர்ராபேன் கடவையில், கிழக்கு வேலியில் ஒன்றும் மேற்கு வேலியில் ஒன்றுமாக, தானாகச் சாத்திக்கொள்ளும் சிறு கதவு இரண்டு. வடிகால்களின் மேல் பலகை போட நான் தயார். மாட்டை அந்த வழியாக ஓட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறேன். சைக்கிள் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடப்பேன். ரயில் ஓடிய காலத்திலேயே அப்படித்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். கதவுக்குப் பூட்டு வேண்டாம். இது உண்மையான வேண்டாம். தாங்கள் மறுபடி கேட்க வேண்டியதில்லை.

கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. இதுவரை யாரும் கேட்ட முதல் கேள்விக்கு நான் ஆமாம் என்று சொன்னதில்லை. நோரீன் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டபோது கூட, உனக்கு எதற்குச் சிரமம் என்றுதான் சொன்னேனாம். அவள் பொறுமைசாலி, மறுபடி கேட்டாள். இப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். கதவு வேண்டும். மிகவும் வேண்டும். இந்த மாதத்துக்குள் வேண்டும்.

14. இந்த மனுவில் அண்ணனும் கையெழுத்துப் போட்டால் நல்லது என்று நோரீன் சொன்னாள். இதுவரை எழுதியதை நேற்று மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தார். கரிக்கொட்டகைப் பக்கத்தில் விழுந்த பகுதியை இரண்டாவது முறையும் படித்தார். “கையெழுத்துப் போடறியா?” என்று கேட்டேன். அவர் உனக்கெதற்குச் சிரமம் என்பார், நான் பேனாவைத் திறந்து மறுபடி கேட்க வேண்டும் என்று தயாராக நின்றேன். ஐயா, ஒரே முறைதான் கேட்டேன். அவர் பேனாவுக்குக் கை நீட்டினார்.

இடம்: குர்ராபேன்
நாள்: ஏப்ரல் 9

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்) ஃபெஸ்டஸ் ரட்டிகன்
வேலிக்கு மேற்கே

(ஒப்பம்) பார்ட்லி ரட்டிகன்
வேலிக்குக் கிழக்கே, தற்சமயம் மருத்துவமனையில்